திருச்சிராப்பள்ளியில் மாவட்ட மனநலத் திட்டமும் மாணவர் தற்கொலைத் தடுப்பும்

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் செயல்படுத்தப்பட்ட மாவட்டம் திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கும் பெயர் பெற்ற இவ்வூரின் வரலாற்றில் இச்செய்தி அதிகம் பேசப்படுவதில்லை.

அதற்கு முன்பு மனநோய் கண்டவர்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில் மட்டுமே இருந்தது. 1794இல் தொடங்கிய காப்பகத்தின் தொடர்ச்சி அது. திருச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. அருகில் இருந்தது குணசீலம். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்பையும் தாண்டிக் காவிரியின் வடகரையில் உள்ள இந்தப் பெருமாள் கோயிலில் நோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். குடும்பத்தார் கோயிலை நாடியதைக் குறை சொல்வதற்கில்லை. வேறு கதவு எதுவும் பக்கத்தில் திறந்திருக்கவில்லை.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்தது. பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்புவதற்குப் பதிலாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கிராம செவிலியருக்கும் பயிற்சி தந்து, நோயை ஊரிலேயே கண்டறியலாம் என்பது அங்கே தெரிந்தது. அந்த முறையை நாடெங்கும் கொண்டுசெல்ல 1996–97இல் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சி ஒன்று. பின்னர் பள்ளி, கல்லூரிகளில் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஆலோசனையும் தற்கொலைத் தடுப்பும் திட்டத்தில் சேர்ந்தன.

இந்தச் சேர்க்கை மிகவும் தேவையானது. மனநோய்களில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாகவே வெளிப்படும் என்பதில்லை. எரிச்சல், காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு, நண்பர்களை விட்டு விலகுதல், திடீரென மதிப்பெண் சரிதல் என்றும் வரும். வீட்டில் அதைத் ‘திமிர்’ என்பார்கள். வகுப்பில் ‘சோம்பேறி’ என்பார்கள். சாவைப் பற்றிப் பேசுவதும், தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் பிள்ளை மனம்விட்டுப் பேச வாய்ப்பு உண்டாகிறது.

பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதம் தமிழ்நாட்டில் தனியாகக் கவலை தரும் காலம். தவறியவர்கள் முன்பு செப்டம்பர் வரை காத்திருந்தார்கள், ஓராண்டு வீணாகும். சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரும் வாய்ப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதும் நிறுத்தப்பட்டது. மருந்தோ மருத்துவரோ இல்லாமல், ஓர் அரசாணையால் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

சட்டமும் மாறியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். வழக்குக்குப் பயந்து பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த எண்ணை அழைக்கலாம்.