முசுக்கொட்டை மட்டை

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. அதன் பி.டி. அறையில், கேரம் போர்டுக்கும் கிழிந்த வாலிபால் வலைக்கும் நடுவே அந்த ஹாக்கி மட்டை சாய்ந்து நிற்கிறது. கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. வளைவில் ஒரு விரிசல், அதன்மேல் மூன்று சுற்று டேப். நான்கு செட் பிள்ளைகள் பிடித்து ஆடிய மட்டை. நான் பார்க்கப் போன அன்று, புது மட்டையை நீட்டிய பி.டி. சாரிடம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "சார், எனக்குப் பழசே குடுங்க. அதுதான் சொன்ன பேச்சு கேக்கும்."

மட்டை பிறந்தது ஜலந்தரில். தொழிலின் பூர்வீகம் சியால்கோட். 1947-ல் கோடு கிழித்தபோது சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அங்கே மட்டை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் இந்தப் பக்கம் வந்து, ஜலந்தரின் பஸ்தி நௌ பகுதியில் பட்டறை போட்டார்கள். இரண்டு ஊர்களும் இன்றுவரை உலகத்துக்கு விளையாட்டுச் சாமான் செய்து அனுப்புகின்றன.

மரம் முசுக்கொட்டை. மல்பெரி என்றால் சட்டென்று புரியும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த மரத்தோடு பழைய உறவு, இலை வழியாக. அதைத் தின்ற புழுவின் நூல்தான் நம் பட்டுப்புடவை. தெற்கே இலை புடவையாகிறது, வடக்கே கட்டை மட்டையாகிறது. முகூர்த்தப் புடவைக்குக் கொடுக்கும் மரியாதையில் காலணாவாவது இந்தக் கட்டைக்கும் கொடுத்திருக்கலாம் நாம்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த மட்டை ஆஷ் மரத்தில் செய்தது. அதன் தலை நீளம். முசுக்கொட்டையின் நார் நெகிழ்ந்து கொடுக்கும். ஆவி காட்டி இறுக்கமாக வளைத்தாலும் உடையாது. அதனால் தலை குட்டையானது. தலை குட்டையானதும் மட்டையைப் புரட்டிப் புரட்டி, பந்தை இடமும் வலமும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்ற முடிந்தது. இந்திய ஹாக்கியின் மாயம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி தச்சனுடையது என்றே சொல்வேன். கைப்பிடிக்குப் பிரம்பு, அடியின் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறாமலிருக்க நடுவே ரப்பர் பட்டை. தட்டையான முகம் இடப்பக்கம் மட்டுமே. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை ஆட்டத்தில் கிடையாது. 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும், எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. நம் மட்டை டியூபும் டேப்புமாகத் தராசில் ஏறினாலும் தேறிவிடும்.

ஜலந்தரிலிருந்து லாரியில் சென்னைக்கு வந்தது. பெரியமேட்டில், நேரு விளையாட்டரங்கை ஒட்டிய ஒரு கடையில் சார் கட்டாக வாங்கினார். மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து பஸ். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: முன்னால் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர், பின்னால் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-ல் வந்தது, ராயல் என்ஃபீல்டு 2013-ல். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆலைகளுக்கு நடுவே பள்ளிக்கு வாய்த்த மைதானம் சரளைக் கல்லும் நெருஞ்சி முள்ளும்தான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மட்டையின் பருவமும் தொடங்கிவிடும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏற வேண்டிய படிகள். 14, 17, 19 வயதுப் பிரிவுகள். நாக் அவுட் என்பதால் ஒரு தோல்வி போதும், அந்த ஆண்டுக்கு மட்டை அறைக்குத் திரும்பிவிடும். போன பருவத்தில் இந்த மட்டை குறுவட்டத்தைத் தாண்டியது. வருவாய் மாவட்டப் போட்டியில், இரண்டாம் பாதியில், சரளையில் மோதி விரிசல் விட்டது. அந்தப் பெண் மட்டையை மாற்றிக்கொள்ளாமலே கடைசிவரை ஆடினாள். தோற்றார்கள். திரும்பும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் சார் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதுவும் வளைந்த மட்டைதான், மரம் ஆஷ். மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகள் மோதும் ஹார்ட்டி கோப்பை 1918-ல் தொடங்கியது. 2012-ல் அந்த நாட்டு ஆஷ் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்துக்கு வழியில்லாமல் மூங்கிலில்கூட மட்டை செய்யத் தொடங்கிவிட்டார்கள். நம் முசுக்கொட்டைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆடும் தரைதான் மாறிப்போனது. 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லை விரித்தார்கள். அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பியிராத இந்தியா ஏழாவது இடத்தில் வந்து நின்றது. அடுத்த ஒலிம்பிக்கில், 1980-ல் மாஸ்கோவில், ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது என்பதும் உண்மை. அதற்குப் பிறகு மட்டையே மாறியது: கார்பன் இழை, கண்ணாடி இழை.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். ஜெர்மனி வென்றது, இந்தியாவுக்கு வெண்கலம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் என் கண்ணுக்கு ஒரு மர மட்டைகூடத் தட்டுப்படவில்லை. அந்த கார்பன் மட்டையைச் சரளை மைதானத்துக்குக் கொண்டுவந்தால் விளிம்பு சீக்கிரமே தேய்ந்து உதிரும்; விலையோ பள்ளிக் கணக்கில் அடங்காது. கண்ணாடி இழையிலும் கார்பனிலும் உடல் செய்த பந்தயக் கார்கள் இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் சீறிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பொருள் நம் ஊருக்குப் புதிதில்லை, நம் பிள்ளைகளின் கைக்குத்தான் இன்னும் வரவில்லை.

விரிசல் விட்ட மட்டைக்கு சார் பசை வைத்து, டேப் சுற்றி, ஒரு வாரம் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். வரும் ஜூனில் மறுபடி இறங்கும். கல்லூரிக் காலத்தில் ஆடிய மட்டை உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், பக்கத்து அரசுப் பள்ளி பி.டி. சாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். 35, 36 அங்குலமாக இருந்தால் நல்லது. விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, டேப் அவரிடம் இருக்கிறது.