வெள்ளைக் கொடியில் முதல் வார்த்தை

எங்க காலேஜ்ல மாணவர் தேர்தல்னா கிளாஸ் ரெப் தேர்வு மட்டும்தான். அதுவும் ஜெராக்ஸ் எடுக்க யாரு அலையறதுங்கறதுக்கு :-) அதனால மாணவர் அரசியலை நான் எப்பவும் தள்ளி நின்னு வேடிக்கை பார்த்தவன். ஆனாலும் 2012-ல் ஜேஎன்யூவில் நடந்த ஒரு கதை மனசுல ஒட்டிக்கிச்சு.

இந்திய மாணவர் சங்கம், அதாவது எஸ்எஃப்ஐ, 1970 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் உருவானது. சிபிஎம்மின் மாணவர் அணின்னுதான் ஊரே சொல்லும். சங்கம் ஒத்துக்காது, நாங்க சுயேச்சையான அமைப்புன்னு சொல்லும். கொடியைப் பாருங்க: செங்கொடி இல்லை, வெள்ளைக் கொடியில் சிவப்பு நட்சத்திரம். முழக்கம் "சுதந்திரம், ஜனநாயகம், சோசலிசம்". முதல் வார்த்தையே சுதந்திரம்!

2012 ஜூன்ல அதுக்கு சோதனை வந்துச்சு. ஜனாதிபதி தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் பிரணாப் முகர்ஜிக்கு ஆதரவுன்னு சிபிஎம் முடிவெடுத்தது. இத்தனைக்கும் அவர் அப்போ நிதியமைச்சர். அவரோட பொருளாதாரக் கொள்கையை எதிர்த்துத்தான் பசங்க கேம்பஸ்ல தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தாங்க. கூட்டணியில் இருந்த சிபிஐயே யாருக்கும் ஓட்டு இல்லைன்னு ஒதுங்கிடுச்சு. கட்சி பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. 2011-ல் வங்காளத்தில் ஆட்சி போச்சு, மம்தாவோ அப்போ பிரணாப்பை எதிர்த்துக்கிட்டிருந்தார். அந்த விரிசலை விடுவானேன்?

கட்சியின் ஆய்வுப் பிரிவில் இருந்த பிரசென்ஜித் போஸ், அவரும் ஜேஎன்யூ எஸ்எஃப்ஐ ஆள்தான், ராஜினாமா செய்தார். கட்சி அவரை வெளியேற்றியது. அடுத்து ஜேஎன்யூ கிளை கட்சி முடிவை ஏற்க மாட்டோம்னு தீர்மானம் போட்டது. சங்கத்தின் டில்லி மாநிலக் குழு கிளையையே கலைச்சிடுச்சு.

சுயேச்சையான சங்கத்துல கட்சியை விமர்சிச்சா என்ன தப்புன்னு தோணும். சிக்கல் இங்கதான்: சங்கப் பொறுப்பில் இருக்கறவங்க பலரும் கட்சி உறுப்பினர்கள். கட்சிக்குள்ள எவ்வளவு வேணா சண்டை போடலாம், முடிவெடுத்துட்டா வெளியே வாய் திறக்கக்கூடாது. ஆக கொடி சங்கத்தோடது, கடிவாளம் கட்சியோடது. இதுல கூத்து என்னன்னா, அப்போ கட்சிப் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத். எஸ்எஃப்ஐ சார்பில் ஜேஎன்யூ மாணவர் பேரவைத் தலைவரா இருந்தவர்!

கலைக்கப்பட்ட பசங்க 'எஸ்எஃப்ஐ-ஜேஎன்யூ'ன்னு பேர் வச்சு செப்டம்பர் தேர்தலில் நின்னாங்க. தலைவர் பதவி அவங்களுக்கே. ஜெயிச்சவர் வி. லெனின் குமார், நம்ம தமிழ்நாட்டுக்காரர். பேரைப் பாருங்க :-)

அந்தக் கூட்டம் பிறகு டிஎஸ்எஃப்னு தனி அமைப்பாச்சு. 2017-ல் ஏபிவிபிக்கு எதிரா ஐசா, எஸ்எஃப்ஐ, டிஎஸ்எஃப் மூணும் ஒரே பேனல்ல நின்னு நாலு பதவியையும் அள்ளினாங்க. பொதுச்செயலாளர் எஸ்எஃப்ஐ, இணைச்செயலாளர் டிஎஸ்எஃப். அஞ்சு வருஷம் முன்னாடி துரத்தினவங்களும் துரத்தப்பட்டவங்களும் ஒரே போஸ்டர்ல.