மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சி.சி.யைக் கூட்டுதல்

ஏற்கெனவே உள்ள எஞ்சினில் சிலிண்டரின் விட்டத்தையோ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையோ, இரண்டையுமோ பெரிதாக்கி அதன் கன அளவை உயர்த்தும் வேலை. பட்டறைப் பேச்சில் விட்டம் 'போர்', தூரம் 'ஸ்ட்ரோக்'. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் ரீபோர் இதில் சேராது. அதிலும் சி.சி. சற்றே கூடும் என்றாலும் நோக்கம் பழுது நீக்குவதுதான்.

சிலிண்டரின் குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், போர் 10 விழுக்காடு கூடினால் சி.சி. 21 விழுக்காடு கூடிவிடும். ஸ்ட்ரோக் அதே அளவு கூடினால் கிடைப்பது 10 விழுக்காடுதான். அதற்கும் கிராங்க் முழுவதையும் பிரித்து மாற்றியாக வேண்டும். அதே சுழற்சியில் பிஸ்டன் இன்னும் வேகமாக ஓடவும் நேரும். ஆகவே பெரும்பாலான மாற்றங்கள் போரிலேயே நடக்கின்றன.

இதற்குத் தெளிவான சான்று சென்னையில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட் வரிசை. 350-இல் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கன அளவு 346 சி.சி. 500-இல் ஸ்ட்ரோக் அப்படியே 90; போர் மட்டும் 84 ஆகி 499 சி.சி. வந்தது. 2013-இல் வெளிவந்த கான்டினென்டல் ஜி.டி.க்காக அந்தப் போரையே 87 மி.மீ. ஆக்கினார்கள்; கன அளவு 535 சி.சி. ஆனது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த அலுமினிய யூ.சி.இ. எஞ்சின் காலத்துக் கணக்கைப் பார்த்தால் 350 தந்தது 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 500 தந்தது 27.2, 41.3. சி.சி. 44 விழுக்காடு கூடியபோது முறுக்குவிசை அதைவிடச் சற்று அதிகமாகவே ஏறியது. குதிரைத்திறன் 37 விழுக்காடுதான் ஏறியது. அதுவும் 500-இல் கார்பரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் இருந்தும். உச்சத் திறன் கிடைத்த சுழற்சி இரண்டிலும் நிமிடத்துக்கு 5,250. சி.சி. கூட்டுபவருக்கு உறுதியாகக் கிடைப்பது இழுவை. வேகம் அவ்வளவு தாராளமாக வருவதில்லை. மேட்டில் கியர் குறைக்காமல் ஏற விரும்புபவருக்கு இது லாபம், நெடுஞ்சாலையில் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு ஏமாற்றம்.

காரணம், பெரிய சிலிண்டருக்கும் பழைய வால்வு, பழைய கார்பரேட்டர், பழைய சைலன்சர் வழியாகவே மூச்சு. சின்ன மூக்கை வைத்துக்கொண்டு நெஞ்சை மட்டும் அகலமாக்கியதுபோல. ஆகவே ஹெட்டில் போர்ட்டைத் திருத்துவது, பெரிய வால்வு போடுவது, ஜெட் மாற்றுவது அல்லது இ.சி.யூ.வின் எரிபொருள் அட்டவணையைத் திருத்துவது எல்லாம் இதே வேலையின் பாகங்கள். பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் அடங்கிய கிட்டை வாங்கிப் பூட்டிவிட்டு இவற்றை மறந்தால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு கண்ணி அழுத்த விகிதம். 346 சி.சி. எஞ்சினுக்கு 8.5:1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 46 சி.சி. ஹெட்டையும் அந்த இடத்தையும் மாற்றாமல் சிலிண்டரை மட்டும் 499 ஆக்கினால் விகிதம் 11.8:1-க்குத் தாவிவிடும். சாதாரண பெட்ரோலில், காற்றால் குளிரும் எஞ்சினில், அது கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கை வரவழைக்கும். தொழிற்சாலை 500-க்கும் 8.5:1-ஐயே வைத்தது, அதற்காக எரியறையைப் பெரிதாக்கியது.

ஹார்லி-டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் 883-ஐ 1200 ஆக்குவது அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பரவலாக நடக்கும் வேலை. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 3.812 அங்குலம், போர் 3 அங்குலத்திலிருந்து 3.5 ஆகிறது. கிராங்க்கேஸைத் தொட வேண்டியதில்லை. 883-இன் சிறிய எரியறையை வைத்துக்கொள்பவர்கள், விகிதம் எகிறாமலிருக்க உச்சி குழிந்த பிஸ்டன்களைப் போடுகிறார்கள். எல்லா எஞ்சினும் இப்படி இடம் கொடுப்பதில்லை. சிலவற்றில் லைனர் சுவர் மெலிந்துவிடும். சிலவற்றில் சிலிண்டர் இறங்கும் கிராங்க்கேஸ் வாயையும் லேத்தில் கடைய வேண்டிவரும். பிஸ்டனின் எடை மாறினால் பழைய கிராங்க் சமநிலை பொருந்தாது, கைப்பிடியில் அதிர்வு கூடும். கிளட்ச், கியர், செயின் ஆகியவை பழைய இழுவைக்குக் கணக்கிட்டவை. பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இந்தியாவில் கன அளவு ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் பதிவாகிற விவரம். தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணமும் சி.சி. படிகளைப் பொறுத்தது, 350-க்கு மேல் தனிப்படி. 346-ஐ 499 ஆக்கிவிட்டுப் பழைய பாலிசியோடு ஓடுபவர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.