வரிசையும் உயிரும்

வைத்தியசாலையில் முதலிற் கவனிக்கத்தக்கவர் யாவர்? செல்வரா, முன்னே வந்தவரா, உயிருக்குப் போராடுபவரா? நெப்போலியன் காலத்துப் போர்க்களங்களிலே இவ்வினாவுக்கு நேர்மையான விடை தந்தவர் பிரெஞ்சுப் படை வைத்தியர் லாரே. பதவி பாராது, காயத்தின் கொடுமை பார்த்தே சிகிச்சை செய்தல் வேண்டுமென்பது அவர் விதி.

ஏறக்குறைய 2 நூற்றாண்டு கழிந்தும் ஏழை நாடுகள் பலவற்றில் அவ்விதி வேரூன்றவில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பிளாண்டையர் நகரத்துப் பொது வைத்தியசாலையில் நோயுற்ற குழந்தைகள் நெடுநேரம் காத்துக்கிடந்தனர். அங்கே அனுமதிக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்தனர். 2001 ஜனவரியில் அப்பகுதி சீர்திருத்தப்பட்டது. ஊழியர் அவசர சிகிச்சையிற் பயிற்சி பெற்றனர். மூச்சுத் திணறல், உணர்விழத்தல், வலிப்பு, கடும் நீர்வற்றல் ஆகிய குறிகளை வாயிலிலேயே கண்டறிந்து, அக்குழந்தையை வரிசை கடத்தி உள்ளே சேர்ப்பதே அப்பயிற்சியின் சாரம். இடவசதியும் ஒழுங்கு செய்யப்பட்டது. மரணம் நூற்றுக்கு 6 முதல் 8 வரையாகக் குறைந்தது.

தாதியரைக் கருணையின் வடிவமென்று புகழ்ந்துவிட்டு, அவர்க்குரிய கல்வியையும் ஊதியத்தையும் மறுப்போர் இதனைச் சிந்திப்பாராக. கருணை கண்ணீரைத் துடைக்கும். பயின்ற கண்ணே உயிரைக் காக்கும். அக்கல்வியைக் கேட்டுப் பெறுவது நம் கடனாகும்.