அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்: பாசில்டன் இருவரின் முதல் ஆல்பம்

யாஸூ என்ற பிரிட்டிஷ் இரட்டையரின் முதல் ஆல்பம் 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' 1982 ஆகஸ்டில் வெளியானது. சின்தசைசர் இசை வின்ஸ் கிளார்க். குரல் ஆலிசன் மோயே. காலைத் தாளம்போட வைக்கும் இசை, பிரிவையும் ஏக்கத்தையும் பாடும் வரிகள் என்ற சேர்க்கை எலெக்ட்ரானிக் பாப்பில் இன்று சாதாரணம். அது வேர்பிடித்த காலத்தின் முக்கியமான பதிவுகளுள் இந்த ஆல்பமும் ஒன்று.

இருவரும் வளர்ந்தது எசெக்ஸ் வட்டாரத்தின் பாசில்டனில். இரண்டாம் உலகப் போருக்குப் பின், குண்டுவீச்சால் வீடிழந்த, நெரிசலில் தவித்த லண்டன்வாசிகளைக் குடியமர்த்த 1949இல் அறிவிக்கப்பட்ட புதுநகரம் அது. ஃபோர்டு டிராக்டர் ஆலை உள்ளிட்ட தொழிற்சாலைகளை நம்பிய ஊர். பழம்பெருமை பேச அங்கே எதுவும் இல்லை. 1970களின் இறுதியில் பங்க் இசை வந்தபோது ஊர் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் குழு அமைத்தார்கள். அவர்களில் சிலர் மலிவாகிவந்த சின்தசைசர் பக்கம் திரும்பினார்கள். டெபேஷ் மோட் அப்படி உருவான குழு. ஆனால் அதே வட்டாரத்துக்கு இன்னொரு காதும் இருந்தது. பக்கத்துக் கான்வி தீவின் டாக்டர் ஃபீல்குட் குழு அமெரிக்க ப்ளூஸை முரட்டுத்தனமாக வாசித்துப் பெயர் பெற்றிருந்தது. மோயேயின் நாட்டம் அந்தப் பக்கம்.

டெபேஷ் மோடின் முதல் ஆல்பமான 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' 1981இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது. அதன் பெரும்பாலான பாடல்களை எழுதிய கிளார்க், அந்த வெற்றி சூடாறும் முன்பே குழுவை விட்டு விலகினார். கையில் ஒரு காதல் பாடல் இருந்தது. பாட ஆள் இல்லை. ப்ளூஸ் குழு அமைக்க இசைக்கலைஞர்கள் தேவை என்று 'மெலடி மேக்கர்' வார இதழில் மோயே கொடுத்திருந்த விளம்பரம் கிளார்க்கின் கண்ணில் பட்டது. ஒரே ஊர், தெரிந்த முகம். மாதிரிப் பதிவுக்காகப் பாடிய அந்தப் பாட்டுதான் 'ஒன்லி யூ'. யாஸூ என்ற பெயரும் பழைய ப்ளூஸ் பதிவுகளை மறுவெளியீடு செய்துவந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயரிலிருந்து எடுத்ததே. அமெரிக்காவில் அந்தப் பெயரோடு இறங்க முடியாமல், அங்கே 'யாஸ்' என்று சுருங்கினார்கள்.

டேனியல் மில்லர் 1978இல் தொடங்கிய சிறு நிறுவனமான மியூட் ஆல்பத்தை வெளியிட்டது. லண்டனின் சதக் பகுதியில், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய பிளாக்விங் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை நடந்தது. அதை நடத்திய எரிக் ராட்கிளிஃபின் பெயர்தான் ஆல்பத்தின் தலைப்பிலும் இருக்கிறது. பகலில் கூடம் வேறு கலைஞருக்குப் போய்விட்டதால், இவர்கள் விடியற்காலை நேரங்களில் பதிவு செய்தார்கள்.

பாடல்களின் தன்மையைத் தீர்மானித்ததில் கருவிகளுக்குப் பெரிய பங்குண்டு. அன்றைய சின்தசைசர்களில் பல, ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதை எண்களாகத் தட்டிப் பதித்தால் சீக்வென்சர் அதைப் பிசகாமல் வாசிக்கும். கிளார்க் இப்படி ஒவ்வொரு இழையாகச் சேர்த்துப் பாட்டைக் கட்டினார். இழைகள் சில, இடைவெளி நிறைய, தாளம் முன்னும் பின்னும் நகராது. இழுப்பதும் குழைவதும் உடைவதும் முழுக்க மோயேயின் பொறுப்பு. இருபத்தொரு வயதுப் பெண்ணின் கனத்த, அடித்தொண்டைக் குரல் அந்தச் சீரான தாளத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறது. வரிகளை விட இந்த மல்லுக்கட்டில்தான் ஆல்பத்தின் துயரம் அதிகம் கேட்கிறது.

'டோன்ட் கோ' நடன அரங்கை நிரப்பும் வேகமான பாட்டு. சொல்வதோ போகாதே என்ற கெஞ்சல். 'பேட் கனெக்ஷன்' துள்ளிக் குதிக்கிறது; அதன் கதை, தொலைபேசியில் காதலரை எட்ட முடியாத தவிப்பு. 'ஒன்லி யூ' மெதுவானது, அருகில் இல்லாதவரை நினைத்து ஏங்குவது. பின்னணியில் சிறுவர் பாட்டுப் போன்ற எளிய சுர வரிசை. 'மிட்நைட்', 'வின்டர் கில்ஸ்' ஆகியவை மோயே எழுதியவை. முன்னதில் அவருடைய ப்ளூஸ் நாட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. பின்னதில் துள்ளல் அறவே இல்லை, பியானோவும் குளிரும்தான். பேச்சுத் துணுக்குகளை வெட்டி ஒட்டிய 'ஐ பிஃபோர் இ எக்செப்ட் ஆஃப்டர் சி' ஒரு சோதனை முயற்சி. இரண்டாம் முறை கேட்கப் பொறுமை வேண்டும்.

'ஒன்லி யூ' பிரிட்டன் பட்டியலில் 2ஆம் இடத்தையும், 'டோன்ட் கோ' 3ஆம் இடத்தையும் எட்டின. ஆல்பம் 2ஆம் இடம் பிடித்தது. 'ஒன்லி யூ'வின் மறுபக்கத்தில் இருந்த 'சிட்சுவேஷன்' அமெரிக்க நடன விடுதிகளில் தனியாகவே ஓடியது. சின்தசைசர் தங்கள் பிழைப்பைப் பறித்துவிடும் என்று பிரிட்டனின் வாத்தியக் கலைஞர் சங்கத்தில் அந்த ஆண்டுதான் கூச்சல் எழுந்திருந்தது. கருவி வாசிப்பவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. பாடகர்களுக்கோ அதே கருவி புது இடம் திறந்துவிட்டது. 1983 கிறிஸ்துமஸில் ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு எந்த வாத்தியமும் இல்லாமல் வெறும் வாய்க்குரலால் 'ஒன்லி யூ'வைப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது.

இருவரின் கூட்டு நீடிக்கவில்லை. இரண்டாம் ஆல்பமான 'யூ அண்ட் மீ போத்' 1983 ஜூலையில் வெளிவந்து முதலிடம் பிடித்தபோது அவர்கள் ஏற்கெனவே பிரிந்திருந்தார்கள். மோயே 1984இல் 'ஆல்ஃப்' என்ற தனி ஆல்பத்தோடு வந்தார். கிளார்க் 1985இல் பாடகர் ஆண்டி பெல்லுடன் இரேஷர் குழுவைத் தொடங்கி, இயந்திரத் தாளமும் உருகும் குரலும் சேர்ந்த அதே முறையைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 2008இல் இருவரும் மீண்டும் ஒரே மேடை ஏறினார்கள். இரண்டாம் ஆல்பத்தின் பாடல்கள் பல அப்போதுதான் முதன்முறையாக நேரடியாகப் பாடப்பட்டன.