படம் பார்க்க ஓர் எளிய வழி: கொட்டகை முதல் இணையம் வரை

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜெலுத்தோங் சந்தைக்கு அருகில் உள்ள தேநீர்க்கடையில் பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். எழுபது வயதைக் கடந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மனைவி மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. தேநீர் வந்ததும் வராததுமாக அவர் கேட்டார்: “வாத்தியாரே, வீட்டில் இருந்தபடி தமிழ்ப்படம் பார்க்க ஓர் எளிய வழி சொல்லுங்கள். எனக்குக் கணினி தெரியாது. பிள்ளைகளிடம் கேட்டால், ‘ரொம்பச் சுலபம்பா’ என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.”

இரண்டொரு வரியில் விடை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், அவர் அடுத்துக் கேட்ட கேள்வி என்னை நிறுத்திவிட்டது. “அந்தக் காலத்தில் படம் பார்க்க நான் யாரிடமும் பாடம் கேட்டதில்லையே! இப்போது மட்டும் ஏன் கேட்க வேண்டியிருக்கிறது?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் வெளியானது. அக்காலத்தில் தமிழகத்திற்கும் பினாங்கிற்கும் இடையே போக்குவரத்து என்றாலே கப்பல்தான். 1926 முதல் 1973 வரை அவ்வழியில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருப்போம். மக்கள் ஏறி வந்த கடல் வழியில்தான் படப்பெட்டிகளும் வந்தன. ஜோர்ஜ் டவுனில் பினாங்கு சாலையும் அதன் சுற்றுப்புறமும் ஒரு காலத்தில் படக்கொட்டகைகளுக்குப் பெயர் பெற்றவை. ஓடியன், கேத்தே, ரெக்ஸ், மெஜஸ்டிக் என்று பெயர்களை அடுக்கலாம். தோட்டப்புறங்களில் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டினார்கள். 1946-இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்ட பின், அரசாங்கத்தின் நடமாடும் படக்காட்சி வண்டிகளும் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன.

இவற்றில் பார்வையாளருக்கு இருந்த வேலை என்ன? சீட்டு வாங்குவது, உட்காருவது. அவ்வளவே. படச்சுருளை மாட்டுவதும், ஒளிவிளக்கைச் சரிசெய்வதும், அறுந்த சுருளை ஒட்டுவதும் படம் ஓட்டுபவரின் பொறுப்பு. தொழில்நுட்பம் அன்றும் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுமக்க வேறொருவர் இருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978-இல் அதே நாளில், வண்ண ஒளிபரப்பு வந்தது. தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் எப்போதாவது வரும். அதற்காக அக்கம்பக்கத்து வீட்டார் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்போதும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பொத்தானும் ஒரு திருகும் மட்டுமே.

அடுத்து வந்தது வீடியோ நாடா. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட விஎச்எஸ் நாடா, எண்பதுகளில் நம்மூர் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. ‘இ-180’ என்று எழுதிய ஒரு பேழையில் மூன்று மணி நேரம் பதியலாம். ஒரு முழுத் தமிழ்ப்படம் பாட்டுகளோடு அடங்கிவிடும். படம் பார்ப்பவர் ஒரு கருவியைத் தாமே இயக்க வேண்டிய நிலை முதன்முறையாக அப்போதுதான் ஏற்பட்டது. ஆயினும் துணைக்கு ஆள் இருந்தார். வாடகைக்கு நாடா கொடுக்கும் கடைக்காரர்தாம் அவர். எந்தப் படம் புதிது, எந்தப் படம் குடும்பத்தோடு பார்க்கத்தக்கது, எந்த நாடாவில் பட்டை ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கருவி நாடாவை விழுங்கிவிட்டால், அதையும் அவரே எடுத்துக்கொடுப்பார். என் நண்பர் கூறினார்: “என் மனைவிக்கு எந்த நடிகரைப் பிடிக்காது என்பதுகூட அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.”

1993-இல் விசிடி என்னும் குறுவட்டின் வரையறை வெளியானது. ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடங்களே கொள்ளும். ஆகவே, ஒரு தமிழ்ப்படத்திற்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. சண்டைக்காட்சியின் நடுவே எழுந்து வட்டு மாற்றிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இவ்வட்டைப் படியெடுக்க ஒரு கணினி போதும் என்பதால், இரவுச் சந்தைகள் எங்கும் திருட்டு விசிடி குவிந்தது. அரசாங்கம் 2000-இல் ஒளிவட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து, வட்டு தயாரிப்போர் உரிமம் பெறவேண்டும் என்றது. பின்னர், அசல் வட்டுகளில் மின்னும் ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டது. 2007-இல் ‘லக்கி’, ‘ஃபுளோ’ என்னும் இரு மோப்ப நாய்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. வட்டுகளில் உள்ள வேதிப்பொருளை மோப்பம் பிடிக்க அவை பழக்கப்பட்டவை. அவற்றைக் கொல்பவருக்குத் திருட்டு வட்டுக் கும்பல் பரிசு அறிவித்திருப்பதாகவும் செய்தி வந்தது. ஆனால், அசல் எது, போலி எது என்று நாய்க்குத் தெரியாது. வாங்கியவர்களில் பலருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதனிடையே, 1996-இல் மீசாட் துணைக்கோள் விண்ணில் ஏவப்பட்டு, அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது. வானவில் அலைவரிசை நம் இல்லங்களுக்கு வந்தது. கூரைமேல் தட்டு, கையில் தொலையியக்கி. பெருமழை பெய்தால் படம் நின்றுபோகும் என்பதைத் தவிர வேறு சிக்கல் இல்லை. தட்டைப் பொருத்தவும் கோளாறைப் பார்க்கவும் நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்தார்.

இனி இணையத்திற்கு வருவோம். நம் நாட்டில் 1992-இல் ஜாரிங் சேவையும், 1996-இல் டிஎம்நெட் சேவையும் தொடங்கின. தொலைபேசிக் கம்பிவழி கிடைத்த வேகம், மிகுதியாகப் போனால் நொடிக்கு 56 கிலோபிட். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குறுவட்டின் அளவான 700 மெகாபைட் கொண்ட படத்தை அந்த வேகத்தில் இறக்க ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். 2001-இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் சேவையின் 384 கிலோபிட் வேகத்தில் அதே படத்திற்கு நான்கு மணி நேரம். ஒரு மெகாபிட் வேகத்தில் ஒன்றரை மணி நேரம்.

இங்குதான் ஒரு திருப்பம் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் ஓடும் படம் ஒன்றரை மணி நேரத்திலேயே இறங்கிவிடுமானால், முழுவதும் இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை; வரவரப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இணையவழிப் படம் என்பதன் அடிப்படை இந்த எளிய கணக்குத்தான். 2010 மார்ச் மாதம் யூனிஃபை சேவை ஐந்து மெகாபிட்டில் தொடங்கியபோது, அதே படத்திற்கு 20 நிமிடங்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு எல்லாம் விரைந்து நடந்தன. 2005-இல் பிறந்த யூடியூப்பில் பழைய படங்கள் வரத்தொடங்கின. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் அமேசான் பிரைம் வந்தது. 2017-இல் சன் நெக்ஸ்ட் தொடங்கியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, திரையரங்குகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’, நவம்பரில் ‘சூரரைப் போற்று’ ஆகிய படங்கள் திரையரங்கிற்குச் செல்லாமல் நேரே இணையத்தில் வெளியாயின. தமிழகத்தில் பார்ப்பவரும் ஜெலுத்தோங்கில் பார்ப்பவரும் ஒரே நாளில் பார்த்தார்கள். படப்பெட்டி கப்பலேறி வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள்!

ஆனால், அந்த நாளில் என் நண்பரால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. செயலியை நிறுவ வேண்டும், மின்னஞ்சல் முகவரி வேண்டும், கடவுச்சொல் வேண்டும், வங்கி அட்டை எண் வேண்டும். படம் ஓட்டுபவரும், நாடாக் கடைக்காரரும், தட்டுப் பொருத்த வந்தவரும் செய்த வேலைகள் அனைத்தும் இப்போது பார்வையாளர் தலையில் வந்து விழுந்துவிட்டன. அவர் கேட்ட கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுதான். கருவி கடினமாகிவிடவில்லை, இடையில் இருந்த மனிதர் இல்லாமற் போனார்.

அந்த வெற்றிடத்தில் வேறொருவர் புகுந்தார். ஆண்ட்ராய்டு பெட்டி விற்பவர் அவர். என் நண்பரும் அப்படிப்பட்ட ஒரு பெட்டியை 400 வெள்ளி கொடுத்து வாங்கினார். விற்றவர் வீட்டுக்கு வந்து, தாமே பொருத்தி, “ஆயுள் முழுதும் கட்டணம் இல்லை ஐயா, இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்” என்றாராம். ஏழு மாதங்களில் பெட்டி ஊமையாயிற்று. விற்றவரின் தொலைபேசி எண்ணும் ஊமையாயிற்று. திருட்டுப் படத்தைக் காட்டும் இத்தகைய பெட்டிகளை விற்பதும் பரப்புவதும் 2022 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி குற்றமாகும். பத்தாயிரம் வெள்ளி முதல் இரண்டு இலட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இருபது ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இதைச் சொன்னபோது நண்பர் அதிர்ந்துபோனார். அவர் கஞ்சத்தனத்தால் அதை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அந்த வியாபாரிதான் என்பதால் வாங்கினார். சட்டம் தேவைதான். ஆனால் நேர்வழி கடினமாகவும் குறுக்குவழி எளிதாகவும் இருக்கும்வரை, முதியவர்கள் குறுக்குவழியிலேயே போய்ச் சேர்வார்கள்.

சென்ற சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படலாம்.

முதலாவதாக, ஏற்கெனவே கட்டணம் செலுத்தும் சேவையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தோம். ஆஸ்ட்ரோ சந்தாதாரர்கள் அதன் செயலி வழியாகக் கைப்பேசியிலும் பார்க்கலாம். அவருக்கு இது தெரியவே தெரியாது.

இரண்டாவதாக, யூடியூப். படத் தயாரிப்பாளர்களும் உரிமை பெற்ற நிறுவனங்களும் தங்கள் பக்கங்களில் முழுப்படங்களை விளம்பரங்களோடு இலவசமாக வைத்திருக்கிறார்கள். படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருந்தாலோ, குரல் கீச்சென்று மாறியிருந்தாலோ, அது உரிமையின்றி ஏற்றப்பட்டதாக இருக்கக்கூடும், விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, கட்டணச் சேவை ஒன்றே ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். நான்கு சேவை இருந்தால் நான்கு கடவுச்சொல், நான்கு குழப்பம். மகளே அதற்குப் பணம் கட்டி, கணக்கையும் பார்த்துக்கொள்கிறார்.

நான்காவதாக, தட்டச்சுக்குப் பதில் குரல். கூகுள் குரல் தேடல் 2017 முதல் தமிழையும் புரிந்துகொள்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் படத்தின் பெயரைச் சொன்னார். வந்தது. “நான் சொன்னது அதற்குக் கேட்டுவிட்டதே!” என்று சிரித்தார்.

ஐந்தாவதாக, ஓர் எச்சரிக்கை. படம் பார்ப்பதற்காக என்று எவரேனும் தொலைபேசியில் அழைத்து வங்கியின் டிஏசி எண்ணைக் கேட்டால், சொல்லக்கூடாது. மகன் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கூடாது.

இறுதியாக, முதலாம் ஆண்டு மாணவருக்கு எழுதுவதைப்போல், ஒரு வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் ஐந்து வரிகள் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தொலையியக்கியில் அழுத்தவேண்டிய பொத்தான்மேல் ஒரு சிவப்பு ஒட்டுத்தாளையும் ஒட்டினேன். மூன்று முறை அவரையே செய்யச் சொல்லிவிட்டு, நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கணினி தெரிந்த நமக்கு மிகக் கடினமான வேலை அதுதான். தொலையியக்கியைப் பிடுங்கி நாமே அழுத்திவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ள வேண்டும். முழுதாய் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கொட்டகையில் ஒரு பாதிப் படம் பார்க்கும் நேரம்.

நேற்று இரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். மறுபடியும் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

“வாத்தியாரே, அந்தச் சிவப்புத்தாள் விழுந்துவிட்டது. பரவாயில்லை, எனக்குப் பொத்தான் பழகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். அவருக்கும் ஓர் அட்டை எழுதித் தர முடியுமா?”

எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ‘ரொம்பச் சுலபம்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாமல், ஒரு மாலைப்பொழுதை அவருக்காக ஒதுக்கி, அருகில் உட்காருங்கள்.