புனேயில் பாதிப் பேருக்கு கொரோனா வந்ததா? 51.5% என்ற ஒரே எண்ணை வைத்து புள்ளியியல் படிப்போம்

2020 ஆகஸ்டில் புனே பற்றிய ஒரு எண் நாடு முழுக்கச் செய்தியானது. ரத்த மாதிரி கொடுத்தவர்களில் 51.5 சதவீதம் பேரிடம் கொரோனா ஆன்டிபாடி இருந்தது. "அப்போ ஊர்ல பாதிப் பேருக்கு வந்து போயிடுச்சு" என்று உடனே நினைக்கத் தோணும். அது ஏன் தப்பு என்று உங்களால் சொல்ல முடிந்தால், பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் புள்ளியியலில் முக்கியமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஔந்த், பாணேர், ஹிஞ்சவடி பக்கம் வேலை பார்த்துக்கொண்டே டேட்டா சயின்ஸுக்கு மாற நினைக்கும் தமிழர்கள் நிறைய பேர். அவர்களில் பலர் தடுமாறும் இடம் பைத்தான் இல்லை, இந்த அடிப்படைப் பாடம்தான். அதற்கு இந்தப் புனே ஆய்வைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதை நடத்தியதில் ஐசர் புனே, வேலூர் சிஎம்சி ஆகியவற்றோடு, ஔந்த் சாலை முடியும் சந்திப்பில் இருக்கும் சாவித்ரிபாய் ஃபுலே புனே பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. இங்கே 1953-லேயே வி.எஸ். ஹுஸூர்பஜார் தலைமையில் புள்ளியியல் துறை தொடங்கிவிட்டது.

யாரை எண்ணினாங்க?

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம். கணக்கு சுலபம் என்பதால் எல்லோரும் இதில் மார்க் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது வேறு: இது எந்த மக்கள்தொகையிலிருந்து எடுத்த மாதிரி?

அந்த ஆய்வு 2020 ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை நடந்தது. 1,664 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அவர்கள் எரவாடா, கஸ்பா பேட், ராஸ்தா பேட், லோஹியாநகர், நவி பேட்-பர்வதி ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 5 பிரபாக்களில் வசித்தவர்கள். தொற்று அதிகமாகப் பதிவான இடங்கள் என்பதால்தான் இவை தேர்வாயின. ஔந்த் இதில் இல்லை. ஆக, 51.5 என்பது அந்த 5 பிரபாக்களுக்கான எண். மொத்தப் புனேக்கும் அதை நீட்டினால், டி.நகரில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கூட்டத்தை எண்ணிவிட்டு "சென்னைத் தெருக்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்வது போல ஆகிவிடும்.

அந்த ஐந்துக்குள்ளேயே ஒரே மாதிரி இல்லை. ஒரு பிரபாகில் 36.1 சதவீதம், இன்னொன்றில் 65.4. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது.

கூட்டல் கழித்தல் 2.4 எங்கிருந்து வருது?

1,664 பேரை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? கணக்கு ஒரே வரிதான். 0.515-ஐ 0.485-ஆல் பெருக்கி, 1,664-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. சுமார் 0.0122 வரும். இதுதான் திட்டப்பிழை. 1.96-ஆல் பெருக்கினால் 2.4 சதவீதப் புள்ளி. அதாவது 49.1 முதல் 53.9 வரை.

இதை "உண்மையான எண் இந்த இடைவெளியில் இருக்க 95% வாய்ப்பு" என்று எழுதினால் தேர்வில் மார்க் போகும். இதே முறையில் 100 முறை மாதிரி எடுத்து 100 இடைவெளி போட்டால், அதில் சுமார் 95 இடைவெளிகள் உண்மை எண்ணைப் பிடித்திருக்கும் என்பதுதான் சரியான பொருள். இன்னொன்று: இந்தக் கணக்கு எல்லோரையும் குலுக்கல் முறையில் தனித்தனியாகத் தேர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எடுத்தால் பிழை இதைவிடக் கூடும்.

பிழையைப் பாதியாக்கணுமா? மாதிரி நான்கு மடங்காகணும், 6,656 பேர். வேறு ஏதாவது சாமர்த்தியமான சூத்திரம் போட்டுக் குறைக்க முடியாதா என்று கேட்கத் தோணும். இதற்கு நெருக்கமான கேள்வியை 1940-களில் கல்கத்தாப் பல்கலைக்கழக வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது மதிப்பீட்டின் துல்லியத்துக்கு ஒரு எல்லை உண்டு என்று ஆசிரியர் சொல்ல, சிறிய மாதிரிக்கும் அது உண்டா என்றார் மாணவர். ஆசிரியருக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது, பெயர் சி.ஆர். ராவ். அன்று இரவே நிறுவிப் பார்த்தார், 1945-ல் கட்டுரையாக வந்தது. இன்று உலகம் முழுக்க கிராமர்-ராவ் எல்லை என்று படிப்பது அதைத்தான். கேள்வி கேட்டவர் வி.எம். தாண்டேகர். பின்னாளில் புனே கோகலே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர், நீலகண்ட ரத்துடன் சேர்ந்து 1971-ல் இந்திய வறுமை பற்றிய புகழ்பெற்ற ஆய்வை எழுதியவர்.

நம் கணக்குக்கு அந்த எல்லை சொல்வது இதுதான்: குலுக்கலில் எடுத்த 1,664 பேரின் ஆம்/இல்லை பதிலை மட்டும் வைத்துக்கொண்டு, சாய்வில்லாத எந்த மதிப்பீடும் அந்த 0.0122-க்குக் கீழே போக முடியாது.

நின்ற கோட்டுக்கு வலப்பக்கம்

அடுத்து நிபந்தனை நிகழ்தகவு. நிறைய பேர் நிகழ்தகவை வெறுக்க ஆரம்பிப்பது இங்கேதான். சீட்டுக்கட்டு, பகடை, கறுப்பு வெள்ளைப் பந்து என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

புனே ஆய்வையே எடுப்போம். பொதுக் கழிப்பறை பயன்படுத்துவோரில் 62.3 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி. வீட்டில் தனிக் கழிப்பறை உள்ளவர்களில் 45.3 சதவீதம். இதைக் குறியீட்டில் எழுதும்போது நடுவில் ஒரு நின்ற கோடு போடுவார்கள். "பொதுக் கழிப்பறை பயன்படுத்துபவர்" என்ற நிபந்தனை கோட்டுக்கு வலப்பக்கம் வரும்.

இப்போ திருப்பிக் கேளுங்க: ஆன்டிபாடி இருந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் பொதுக் கழிப்பறைக்காரர்கள்? 62.3 என்று சொன்னால் தப்பு. மொத்த எண் 51.5 வர வேண்டுமென்றால், மாதிரியில் இந்த இரண்டே பிரிவுகள்தான் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பொதுக் கழிப்பறைக்காரர்கள் சுமார் 607 பேர் இருக்க வேண்டும். அதில் 62.3 சதவீதம், அதாவது 378 பேருக்கு ஆன்டிபாடி. மொத்தம் ஆன்டிபாடி உள்ளவர்கள் 857. 378-ஐ 857-ஆல் வகுத்தால் 44 சதவீதம். (இது ஆய்வு சொன்ன எண் இல்லை, நாம் போட்ட தோராயக் கணக்கு.) கோட்டின் இரு பக்கத்தையும் மாற்றிப் போட்டதும் 62 எப்படி 44 ஆனது பாருங்க. பேய்ஸ் தேற்றம் செய்வது இந்த வேலையைத்தான்.

பரிசோதனை முடிவிலும் இதேதான். தொற்று வந்தவரை 90% சரியாகவும், வராதவரை 95% சரியாகவும் காட்டும் ஒரு கற்பனைச் சோதனையை வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு வந்துபோன பகுதியில் 1,000 பேரைச் சோதித்தால் 475 பாசிட்டிவ், அதில் 450 உண்மை. 2 சதவீதம் பேருக்கே வந்த பகுதியில் 67 பாசிட்டிவ், அதில் உண்மை 18 மட்டுமே. சோதனை ஒன்றுதான், உங்கள் கையில் இருக்கும் தாளும் ஒன்றுதான். ஆனால் அந்த "பாசிட்டிவ்" ஒரு இடத்தில் 95 சதவீதம் நம்பகமானது, இன்னொரு இடத்தில் 27 சதவீதம்.

வேலையோடு எங்கே படிக்கலாம்?

சென்னை ஐஐடி 2021-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, அதற்கென உள்ள தகுதிச் சுற்றைத் தாண்டணும். அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்களில் இரண்டு புள்ளியியல். முதலாவது தரவை விவரிப்பதில் தொடங்கி நிகழ்தகவுக்குப் போகும், இரண்டாவது மதிப்பீடு, கருதுகோள் சோதனை வரை. வகுப்பு வீடியோ ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய். பட்டம் வேண்டாம், பாடம் போதும் என்றால் என்பிடெல் வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் ஒரு யோசனை. முதல் பாடத்துக்குப் போகும் முன், இந்த வாரம் நீங்கள் பார்த்த ஒரு சதவீதத்தை எடுங்க. உங்க ஆபீஸ் டேஷ்போர்டில் வந்ததாகவும் இருக்கலாம். அது யாரை எண்ணியது, எத்தனை பேர், நின்ற கோட்டுக்கு வலப்பக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்க.